குனிந்திருந்தவருக்கு வந்த குரல்கள்

ஒரு மகளின் குரல் எங்கள் ஊர் தங்காக்கில் இருபத்தெட்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. கடைக்காரன் முப்பத்தைந்து சொன்னான். நான் பதினெட்டில் ஆரம்பித்தேன். அவன் தன் பிள்ளைகளின் டியூஷன் செலவைப் பற்றிப் பேசினான், நான் என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன், கடைசியில் இருவருமே நஷ்டப்பட்டதாக முகத்தை வைத்துக்கொண்டு இருபத்தெட்டில் பிரிந்தோம். கையில் வந்தது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர். பின்பக்கம் பென் டிரைவ் செருக ஒரு வாய். குரல் அதற்குள் தானாக வராது, யாராவது கொண்டுவந்து போட வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கியது என் மச்சான் குணாளனுக்காக. என் மனைவி செல்வராணிக்கு அண்ணன். முப்பது வருடம் பொந்தியானில் அன்னாசிப்பழ லாரி ஓட்டியவர். அவருடைய இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஜொகூர் பாருவில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்து அனுப்பினார்கள். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். மிதந்து விழித்திரையைச் சுவரோடு அழுத்தி ஒட்ட வைக்கும். ஆனால் அந்தச் சுவர் இருப்பது கண்ணின் பின்பக்கம். ஆகவே பின்பக்கம் மேலே வரும்படி, பத்து நாள் தலையைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் குனிந்து, படுத்தாலும் குப்புற. தலையைத் தூக்கினால் குமிழி நகரும். குமிழி நகர்ந்தால் கண் போகும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் தெப்ராவில் மூத்த மகள் வாசுகி வீட்டில் இருக்கிறார். வாசுகியும் அவள் கணவனும் விடியுமுன் சிங்கப்பூர் போனால் இருட்டித்தான் வருவார்கள். ஆகவே பத்து நாளுக்குத் தங்கை வீடு. என் வீடு என்பது கீழே துணிக்கடை, மேலே படுக்கை. குனிந்த தலையோடு மாடிப்படி ஏற முடியாது என்பதால் அவரைக் கடையின் பின்பக்கமே குடியேற்றினோம். துணி வெட்டும் மேசையின் விளிம்பில் நெற்றி. நெற்றிக்கு அடியில் சுருட்டிய துவாலைகள். துவாலைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்த உலகம் முழுவதும் தரையும் செருப்புகளும்.

முதல் மணி நேரத்திலேயே தொழில் கற்றுக்கொண்டார்.

"மாப்ள, அந்த நீலச் செருப்பு வாங்காது. வெல கேட்டுட்டு எதுத்த கடைக்குப் போகும்."

போயிற்று.

"எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க, மச்சான்?"

"கட்டவெரலு வாசல் பக்கமா நின்னுச்சு. உள்ள வந்த ஆளு கட்டவெரல உள்ள வச்சு நிப்பாங்க."

நாற்பது வருடமாக நான் வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு மனிதன் எத்தனை செருப்பைத்தான் பார்ப்பான். தொலைக்காட்சி இல்லை, கைப்பேசி இல்லை, சன்னல் இல்லை. அன்றைக்கே வாசுகி ஒரு யோசனை சொன்னாள். பார்க்க முடியாதவருக்குக் கேட்கக் கொடுப்போம். சொந்தக்காரர்கள் எல்லோரும் தினம் இரண்டு வார்த்தை பேசி அனுப்பட்டும். வாட்சப் குழுவில் போடலாமே என்றால், எங்கள் குடும்பக் குழு போன தீபாவளிக்கே மூன்றாக உடைந்துவிட்டது. ஒரு குழுவில் இருப்பவன் இன்னொரு குழுவில் இருப்பவனுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட நேரில் வந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாசுகி சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் இணையத்தில் ஒரு படிவம் செய்தாள். மேலே பெயர், கீழே குரல், அவ்வளவுதான். பேசி அனுப்பினால் 'கிடைத்தது, நன்றி' என்று பதில் வரும். தினமும் மதியம் அவள் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று, கூப்பிடாமலே வேலைக்கு வரும் ஆள் மாதிரி, தானாக எழுந்து, அதுவரை வந்த குரல்களையெல்லாம் பொறுக்கி, ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டி, எனக்கு மின்னஞ்சலில் தள்ளிவிடும். நான் மூட்டையைப் பிரித்து பென் டிரைவில் கொட்ட வேண்டும். மூட்டை பிரிப்பதற்கென்றே எங்கள் பரம்பரையைக் கடவுள் படைத்திருக்கிறார், ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் சனிக்கிழமை. மூட்டை வந்தது, பிரித்தேன், கொட்டினேன், ஸ்பீக்கரைத் தட்டினேன். பொந்தியானிலிருந்து ராஜசேகரன், மச்சானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஒரு நகைச்சுவை சொன்னார். சொல்லி அவரே சிரித்தார். உடனே மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும். நான்காவது தடவை அவர் சிரிக்கும்போது கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

"மொதத் தடவையே சிரிப்பு வரல, மாப்ள," என்றார் மச்சான் தரையிடம்.

வாசுகியைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா வீட்டுல லைன் ஸ்லோ, மாமா. போச்சா போகலியான்னு நாலு தடவ அமுக்கியிருப்பாரு. ஜிப் ஒண்ணும் கேக்காது, ஒரே பேருல நாலு வந்தாலும் நாலையும் வாங்கிப் போட்டுக்கும். நான் ஒரு வரி சேத்துடறேன். மூட்டையில அந்தப் பேரு ஏற்கெனவே இருந்தா, திரும்பப் போடாத, தள்ளி வச்சிடுன்னு."

"செய்மா. அவர ஒரு நாளைக்கு ஒரு தடவதான் தாங்க முடியும்."

மறுநாளிலிருந்து மூட்டை சுத்தமாக வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு குரல். தெப்ராவ் தொழிற்சாலையில் இருக்கும் என் மூத்தவன் யுகேந்திரன் காலை டீ நேரத்தில் பந்தாட்ட முடிவு சொல்வான். கோயில் தலைவர் கோயிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். வாசுகி விடிகாலையில் சிங்கப்பூர்ப் பாலத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி, "அப்பா, இன்னிக்கும் ஜாம்தான், முன்னால ஒரு லாரி, நம்ம லாரி மாதிரியே பச்சக் கலரு," என்பாள். மச்சான் ஒவ்வொன்றையும் கடைசி மூச்சு வரை கேட்பார். எல்லாம் முடிந்து ஸ்பீக்கர் அமைதியானதும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு,

"முடிஞ்சிடுச்சா?" என்பார்.

"முடிஞ்சிடுச்சு மச்சான்."

"அந்தக் குச்சிய ஒரு தடவ புடுங்கிட்டுச் செருகிப் பாருங்க. சிலது மாட்டிக்கும்."

நான் பிடுங்கிச் செருகுவேன். மறுபடி ராஜசேகரன்தான் சிரிப்பார்.

மாட்டிக்கொண்டது எது என்று எனக்கும் செல்வராணிக்கும் தெரியும். இளையவள் லோஷினி.

அவள் பொந்தியானில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் லாரி லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சோதனை வேண்டும் என்றபோது மச்சான் நேரே மகளின் கடைக்கே போனார். பெற்ற பெண், கொஞ்சம் தள்ளுபடி இருக்கும் என்று நினைத்திருப்பார். இடது கண்ணில் நடு வரிகளே அவருக்குத் தெரியவில்லை. "போட்டுக் குடுமா, ரோடு எனக்கு மனப்பாடம்," என்று கேட்டாராம். அவள் போட்டுக் கொடுக்கவில்லை. அதோடு நிற்காமல், அன்று மாலையே லாரி முதலாளியான தவுக்கேயிடம் போய், அப்பாவுக்கு இனிமேல் சாவி கொடுக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டாள். தவுக்கே சாவியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. வாசுகி அப்பா பக்கம் நின்றாள். அதனால் அக்காவும் தங்கையும்கூட நல்ல நாள் கெட்ட நாளுக்கு மட்டும்தான்.

இப்போது அதே கண்தான் கழன்றிருக்கிறது. அவள் சொன்னது சரியென்று டாக்டர், நர்ஸ், என் கடைச் செருப்புகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தப்பாகச் சொன்னவர்களை மன்னிப்பது சுலபம். பெருந்தன்மை என்ற பெயராவது கிடைக்கும். சரியாகச் சொன்னவர்களை மன்னிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

படிவத்தின் இணைப்பை வாசுகி தங்கைக்கும் அனுப்பியிருந்தாள். வந்ததா, பேசினாளா என்று அவள் கேட்கவில்லை. யார் என்ன பேசினார்கள் என்று திறந்து கேட்பதும் இல்லை. அது அப்பாவுக்கு வந்தது என்பாள். நாங்கள் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் மச்சான் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"யாரும் அவளக் கூப்புட்டுச் சொல்லக் கூடாது. கேட்டு வாங்கினா அது எனக்கு வந்ததில்ல."

இதை ஒரு துணி வியாபாரியிடம் சொன்னால் எப்படி. கேட்காமல் எங்களுக்கு எதுதான் வந்திருக்கிறது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் குச்சியைப் பிடுங்கிச் செருகச் சொல்லவில்லை. சனிக்கிழமை பாதியிலேயே, "போதும் மாப்ள, காது வலிக்குது," என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்த்த பிறகு தெப்ராவ் வேண்டாம், பொந்தியானும் வேண்டாம், கூலாயில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாமே, விசாரியுங்கள் என்றார். செல்வராணி சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை வெகு நேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசுகி தெப்ராவிலிருந்து வந்தாள். என் இளையவன் ஹேமநாதனும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான். வந்தவன் மேசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தாய்மாமனின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தான்.

"எப்பிடி இருக்கீங்க மாமா?"

"வாடா. ஒரு வார்த்த பேசி அனுப்ப ஒனக்கு நேரமில்ல, என்னா? ஒங்கண்ணன் தெனம் பேசறான்."

நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு வாரமாக மனசில் வைத்திருந்தது. "சிங்கப்பூர் டாலர்ல பேசினா வாய் தேஞ்சிடுமா?"

"என்னாப்பா இது, தெனம்தான் அனுப்பறேன்லா. மொத நாள் மறந்துட்டேன், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் ஒரு நாள் விடல. நேத்து மீன்தலக் கறி சாப்பிட்டதகூட சொன்னேன் மாமா, முள்ளு குத்தினத." கைப்பேசியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். 'கிடைத்தது, நன்றி.' தினத்துக்கு ஒன்றாக, வரிசையாக.

"அனுப்பினியோ இல்லியோ, எனக்கு வரல," என்றார் மச்சான். கோபமாக இல்லை. "பரவால்லடா. ரெண்டு வீட்டுலயும் சின்னதுங்க ஒரே மாதிரி."

சோற்றுத் தட்டோடு வந்த வாசுகி அப்படியே நின்றாள். முதல் நாள் போட்ட சட்டத்தைத் தவிர, மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து இளையவளைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. அவரும் அதைத் தரையிடம்தான் சொன்னார்.

எனக்கு வேறொன்று உறைத்தது. என் கடைக்கு வர வேண்டிய கட்டு ஒன்று வராவிட்டால், அனுப்பினவனைச் சந்தேகப்படுவேன். பக்கத்துக் கடைக்காரனுக்கும் அதே வாரம், அதே மாதிரிக் கட்டு வராவிட்டால், அனுப்பினவர்கள் யோக்கியர்கள், நடுவில் லாரியைப் பார்க்க வேண்டும்.

"வாசுகி," என்றேன், "அந்தக் கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு முன்னால வாம்மா."

கல்லாவுக்குப் பக்கத்தில், சேலை பொம்மைக்குப் பின்னால் உட்கார்ந்து திறந்தாள். நேற்றைய மூட்டைக்குள் இருந்த கோப்புகளின் பெயர்கள் திரையில் வந்தன. ஒரு வாரமாக நான் மூட்டையை அப்படியே கொட்டியவன். பெயர்களை அன்றுதான் படித்தேன். எல்லாம் தலை வெட்டிய பெயர்கள். 'எல் வீரமுத்து' என்று ஒன்று. 'பி குணாளன்' என்று ஒன்று.

"வீரமுத்து நான்," என்றேன். "எம்பேரு இருக்கு. எம்புள்ளையக் காணோம்."

"அலமாக்," என்றாள் வாசுகி மெதுவாக.

மலேசியாவில் ஐசி என்கிற அடையாள அட்டை எடுத்த தமிழன் எவனுக்கும் இது தெரியும். முதலில் நம் பெயர், பிறகு ஓர் ஏ, ஒரு சாய்கோடு, ஆணென்றால் எல், பெண்ணென்றால் பி, அப்புறம் அப்பா பெயர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கு மலாயில் சுருக்கம். பெயர் என்று எந்தக் காகிதம் கேட்டாலும் எங்கள் கை நிற்காமல் அப்பா வரைக்கும் ஓடிவிடும். காதல் கடிதத்தின் கீழே அப்படிக் கையெழுத்துப் போட்டவனை எனக்குத் தெரியும், கல்யாணமும் நடந்தது.

ஆனால் கணினிக்குச் சாய்கோடு என்றால் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது பெட்டியின் பெயர், அந்தப் பக்கம் இருப்பது பெட்டிக்குள் இருக்கும் பொருளின் பெயர். 'ஹேமநாதன் ஏ' என்று ஒரு பெட்டியைச் செய்து, அதற்குள் 'எல் வீரமுத்து' என்று ஒரு குரலை வைத்திருக்கிறது. மூட்டை கட்டும்போது ஸ்கிரிப்ட் பெட்டிகளை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுக்கும். அண்ணன் யுகேந்திரனுக்கும் அதே 'எல் வீரமுத்து'. அவன் காலையிலேயே உள்ளே போய்விடுவான். தம்பி வரும்போது, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று வாசலிலேயே தள்ளிவிட்டது.

"அப்ப குணாளன்?" என்றேன்.

வாசுகி விரலை நகர்த்தினாள். 'வாசுகி ஏ' என்ற பெட்டிகள். அவற்றுக்குக் கீழே, 'லோஷினி ஏ' என்ற பெட்டிகள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நேற்று வரைக்கும், ஒரு நாள்கூட விடாமல்.

"நான் பாலத்துல போறப்பவே பேசிடுவேன், மாமா. அவ கடைக்குப் போய்த்தான் பேசுவா போலருக்கு. தெனமும் நான் மொதல்ல உள்ள போயி உக்காந்துட்டு..." முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "நான் பேசினதாலதான் அவ பேசினது போகல."

கல்யாணமானாலும் எங்கள் பெண்களுக்கு ஐசியில் அப்பா பெயர் மாறுவதில்லை. ஆனால் படிவத்தில் வெறும் லோஷினி என்று போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். வெறும் லோஷினி என்று போட்டிருந்தால் அவள் குரல் முதல் நாளே போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று வருடம் பேசாத பெண், தினம் அப்பா பெயரை முழுசாக எழுதியிருக்கிறாள். அதுதான் அவளை வாசலில் நிறுத்தியது.

லோஷினியின் கடைசிக் குரலை மட்டும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வாசுகி தட்டினாள்.

"அப்பா, நாளைக்கு எனக்குக் கடை லீவு. தங்காக் வரட்டுமா? வேணாம்னா ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். ஒங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலன்னா எனக்குப் புரியும். அப்புறம் இது மாதிரி பேசித் தொந்தரவு பண்ண மாட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை.

வாசுகி கைப்பேசியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நீ கூப்புட்டா நீ கூப்புட்டதாதான் இருக்கும். அவருக்குப் போட்டுக் காட்டு. எல்லாத்தையும், வரிசையா."

"அஞ்சு நிமிசம் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"இத இப்பிடியே விட்டா நாளைக்கும் தள்ளும்."

அவள் தட்டிக்கொண்டே சொன்னது எனக்குப் பாதி புரிந்தது. சாய்கோடு வந்தால் அதைச் சிறு கோடாக மாற்றிவிடு. பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத் தள்ளாதே. உள்ளே இருக்கும் குரலைப் பார். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் எடுக்கலாமாம். இரண்டு கோப்புக்கு அந்தக் கைரேகை ஒன்றாக இருந்தால்தான் நகல், அப்போது மட்டும் தள்ளு. பெயர் ஒன்று, கைரேகை வேறு என்றால் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைப் போட்டு உள்ளே விடு.

"இத நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாம்," என்றேன். "ஒரே லேபல் ஒட்டின கட்டுல ஒண்ணு மெரூன், ஒண்ணு பச்ச. பிரிச்சுப் பாக்காம எவன் திருப்பி அனுப்புவான்?"

"கேட்டிருந்தா வெல பேசியிருப்பீங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனால் சொன்னாள்.

புது மூட்டை வந்தது. லோஷினியின் குரல்களை மட்டும் தனியாகப் பென் டிரைவில் போட்டு, ஸ்பீக்கரில் செருகி, அவர் தலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"காது வலிக்குதுன்னு சொன்னேன்ல மாப்ள."

"இது வலிக்காது."

தட்டினேன்.

"அப்பா. நான்தான்."

மேசை மேல் இருந்த அவர் விரல்கள் அப்படியே நின்றன.

"தலைய நிமித்தாதீங்க. அந்தக் குமிழி இருக்கே, அது ஈரச் செவுத்துல காயிதத்த ஒட்டற கை மாதிரி. கைய எடுத்தா காயிதம் உரிஞ்சிடும். கழுத்து வலிச்சா நெத்திக்கு அடியில இன்னொரு துவால வைங்க. அவ்வளவுதான். நாளைக்குப் பேசறேன்."

நான் நிறுத்தினேன்.

"எப்ப வந்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழம."

"இத்தன நாளா எங்க இருந்துச்சு?"

வாசுகி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மல்லாந்து படுத்து, தலையை மேசை விளிம்புக்கு நேர் கீழே நகர்த்தினாள். இப்போது அப்பாவும் மகளும் முகத்துக்கு முகம். வந்த நாளிலிருந்து யாருமே அவரை அப்படி நேராகப் பார்க்கவில்லை.

"என்னாலதான்ப்பா. நான் எழுதின ஸ்கிரிப்ட் ஒங்க பேரப் பாத்துட்டு, ஒரு பொண்ணு போதும்னு நெனச்சுக்கிச்சு."

"ரெண்டு பொண்ணுன்னு நீ சொல்லலியா அதுக்கு?"

"இல்லப்பா. சொல்லல."

"இப்பச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது.

"மருந்து," என்றார். "எந்திரிச்சு ஒக்காரு, துணியெல்லாம் அழுக்காகும். மாப்ள, அடுத்தது போடுங்க."

அடுத்தது போட்டேன். லோஷினி மன்னிப்பும் கேட்கவில்லை, நான் அப்போதே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. எந்த மருந்துக்குப் பிறகு எந்த மருந்து, நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று சொன்னாள். கடைக்கு வந்த ஒரு கிழவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்று சண்டை போட்டதைச் சொன்னாள். புதன்கிழமைக் குரலில் பின்னால் ஒரு லாரியின் கரகரப்பு கேட்டது.

"கேக்குதாப்பா? நம்ம லாரிதான், கடை முன்னால போகுது. புதுசா ஒரு பையன் ஓட்டறான். தெனம் இந்த மேட்டுல கியர் போடறப்ப இப்பிடித்தான் அழுவும். எனக்கே பல்லு கூசுது."

மச்சானின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு. செல்வராணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணே, தலைய தூக்காதீங்க."

"தூக்கலமா, தூக்கல. இந்தச் சத்தத்த இன்னொரு தடவ போடுங்க மாப்ள."

இரண்டு தடவை போட்டேன். பிறகு வியாழன், வெள்ளி. கடைசிக் குரல் வரும்போது வாசுகி தன் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். 'ஒண்ணும் வரலன்னா எனக்குப் புரியும்' என்று லோஷினி சொல்லி முடித்ததும் ஸ்பீக்கர் அமைதியானது. அவர் முடிந்ததா என்று கேட்கவில்லை.

"மணி என்னா?"

"ஒண்ணே கால்."

"மத்தியானம்னா அவளுக்கு ஒரு மணி. எப்பவும் அப்பிடித்தான்." கொஞ்சம் யோசித்தார். "போன எடுங்க, மாப்ள. எப்பிடி அமுக்கணும்?"

"நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன். நீங்க பேசுங்க."

இதற்குப் படிவமும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம் என்று வாட்சப்பில் நேரே அவள் எண்ணைத் திறந்து, கைப்பேசியை அவர் வாய்க்குக் கீழே பிடித்தேன். தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் நெடுஞ்சாலையில் ஹாரன் அடித்த மனிதருக்கு ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை. விரலை எடுத்துவிடலாமா என்று நினைத்தபோது பேசினார்.

"லோஷினி. அந்தப் பையன் கிளச்ச முழுசா மிதிக்கறதில்ல. அதான் அந்தச் சத்தம். தவுக்கேகிட்டச் சொல்லு, கியர்பாக்ஸ் போயிடும்."

மறுபடி நின்றது. ஹேமநாதன் வாய் திறந்தான். செல்வராணி அவன் முதுகில் கையை வைத்தாள்.

"இப்பக் கெளம்பினா இருட்டறதுக்குள்ள வந்துடலாம். பத்து பகாட் வழியா வா. மூவார் பாலத்துல இன்னிக்கு வண்டிங்க நிக்கும், அவசரப்படாத. எனக்கு... இன்னும் ரெண்டு நாளு குனிஞ்சுதான் இருக்கணும். நீ வந்தா நிமிந்து பாக்க முடியல, அதுக்காகத் தப்பா எடுத்துக்காத."

விரலை எடுத்தேன். குரல் போயிற்று. திரையில் இரண்டு டிக் கோடுகள் சாம்பல் நிறத்தில் நின்றன. எல்லோரும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமானதும் வாசுகி அவர் காதில் சொன்னாள்.

"கேட்டுட்டாப்பா."

அவர் துவாலையில் நெற்றியைச் சரியாக வைத்துக்கொண்டார். விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

"மாப்ள, அவ மொத்தம் எத்தன பேசியிருக்கா?"

நான் வியாபாரி. சொந்தமென்றாலும் கணக்கை மறைப்பதில்லை. வரவு ஏழு, கொடுத்தது ஒன்று, பாக்கி ஆறு என்று சொன்னேன்.